ஆப்டிடியூட் டெஸ்ட் எழுதப் போகிறீர்களா? முதலில் ஏழாவது கேள்வியை விடப் பழகுங்கள்

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். டிப்ளோமா முடித்த கையோடு மனுப்போட்டேன், ஆப்டிடியூட் டெஸ்டுக்கு, அதாவது வேலைக்கு எடுக்கும் முன் திறனைப் பார்க்கும் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். மீட்டிங் அறையில் பதினான்கு பேர். தாளைக் கவிழ்த்து வைத்து, ‘ஸ்டார்ட்’ என்றதும் திருப்பச் சொன்னார்கள். ஆறு கேள்வி தண்ணீர் குடிப்பதுபோல் போனது. ஏழாவதில் ஓர் அட்டவணை: மூன்று நாட்டு விற்பனை, இரண்டு நாணய மாற்று விகிதம். போட்டேன், வந்த விடை நான்கு தெரிவிலும் இல்லை. திரும்பப் போட்டேன், வேறொரு விடை வந்தது, அதுவும் இல்லை. தமிழ்ப்பள்ளிக் காலத்திலிருந்தே எனக்குக் ‘கணக்குல கெட்டிக்காரன்’ என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் மூன்றாவது முறையும் போட்டேன். நேரம் முடிந்தபோது பதினெட்டில் பதினொன்றைத்தான் தொட்டிருந்தேன். தொடாத ஏழில் நான்கு, ஒற்றை வரி விழுக்காட்டுக் கணக்கு. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. வேலை கிடைக்கவில்லை.

இன்று வேறொரு தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில், பிறை என்ற ஊரில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்தவர், டிப்ளோமா, பட்டதாரி என்று கலந்துகட்டி ஏழெட்டுப் பேரோடு உட்காருகிறேன். வருகிறவர்களில் பலருக்குக் கணக்கு என்னைவிட நன்றாக வரும். அவர்கள் தடுக்கி விழுகிற இடம் நான் விழுந்த அதே இடம்தான்: விட வேண்டிய கேள்வியை விட மனம் வராது. கீழே இருப்பதெல்லாம் அந்தப் பின்னறையில் சொல்லிச் சொல்லிப் பழகியது.

எந்த டெஸ்ட் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

‘ஆப்டிடியூட் டெஸ்ட் இருக்கு மாமா’ என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். எது என்று கேட்டால் தெரியாது. அழைப்பு வந்த இமெயிலை முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். அதில்தான் பாதி விடை இருக்கிறது: எத்தனை பகுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், கால்குலேட்டர் உண்டா இல்லையா, கேமரா போட வேண்டுமா, எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், டெஸ்டைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர். வேலை கொடுக்கும் கம்பெனி பெரும்பாலும் தானே கேள்வி எழுதாது, அதற்கென்று இருக்கும் நிறுவனங்களிடம் வாங்கும். அவற்றில் பழைய ஒன்று, 1977இல் பிரிட்டனில் தொடங்கிய எஸ்.எச்.எல். பெயர் தெரிந்தால் அவர்கள் தளத்திலேயே இலவச மாதிரித் தேர்வு கிடைக்கும். மாதிரியை எழுதிவிட்டால் திரை எப்படி இருக்கும், கடிகாரம் எந்த மூலையில் ஓடும், முந்தின கேள்விக்குத் திரும்பிப் போக முடியுமா என்பதெல்லாம் முன்கூட்டியே கைவசம்.

பொதுவாக மூன்று பகுதி வரும். எண்கள், அதாவது அட்டவணை, வரைபடம், விழுக்காடு. வாசிப்பு, அதாவது ஒரு பத்தியைக் கொடுத்து அதன் அடிப்படையில் சரியா தவறா என்று கேட்பது. வடிவங்கள், அதாவது அடுத்து வரும் படம் எது. கோலாலம்பூரில் வங்கி, கணக்காய்வு, எண்ணெய் எரிவாயுத் துறைகளின் பட்டதாரிப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இந்த மூன்றும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பினாங்கில் டெக்னீஷியன் வேலைக்கு என்றால் பல்சக்கரம், நெம்புகோல் கேள்விகளும், எழுத்தும் எண்ணும் கலந்த வரிசைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கேள்விகளும் சேரலாம்.

அரசு வேலைக்கான எஸ்.பி.ஏ. தேர்வு, ஆசிரியர் படிப்புக்கான மெட்சி, பிரிட்டன் மருத்துவப் படிப்புக்கான யூகேட் எல்லாம் தனித்தனிச் சங்கதி. யூகேட் எழுதுகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: வடிவப் பகுதியை 2025இல் எடுத்துவிட்டார்கள். அண்ணன் அக்கா வைத்திருக்கும் பழைய புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டு யூடியூப் வகுப்புகளைப் பார்த்துத் தயார் செய்கிறவர்கள் இங்கே நிறைய. ரயில் பாலத்தைக் கடக்கும் நேரம், தொட்டியை நிரப்பும் இரண்டு குழாய், ‘அவர் என் தாத்தாவின் ஒரே மகனின் மகள்’ வகை உறவுக் கணக்கு. அருமையாகச் சொல்லித்தருகிறார்கள், மூளைக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் அது அங்குள்ள வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் ஏற்றது. இங்கே கம்பெனிகள் வைக்கும் டெஸ்டில் ரயிலும் வராது, குழாயும் வராது. நான்கு வரிசை அட்டவணை ஒன்று வரும், அதில் எந்த இரண்டு எண் வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. ஒரு மாதம் ரயிலை ஓட்டிவிட்டு டெஸ்டில் போய் முழித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று மொழியில் ஓடும் தலை

நம் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வாய்ப்பாடு தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்தது. இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் கணக்கு மலாய்க்கு மாறியிருக்கும். டெஸ்ட் ஆங்கிலத்தில் வருகிறது. ஒரு பெண், ‘ரேஷியோ’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். ‘நிஸ்பா’ என்று நான் மலாயில் சொன்னதும் ‘அதுவா’ என்று கடகடவென்று போட்டாள். அந்த ஒரு நொடி பதினெட்டு முறை வந்தால் ஒரு கேள்விக்கான நேரத்தில் கணிசமான பங்கு போய்விடும். அதனால் முதல் வேலையாக ஒரு பக்கத்தில் முப்பது நாற்பது சொற்களை மூன்று மொழியிலும் எழுதிக்கொள்ளுங்கள்: விகிதம், சராசரி, லாப விகிதம், மொத்த வருமானம், முந்தைய ஆண்டோடு ஒப்பிட்ட வளர்ச்சி. பாத்ரூம் கண்ணாடியில் ஒட்டினாலும் சரி.

கணக்கைத் தமிழில் போடாதே, ஆங்கிலத்திலேயே யோசி என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எண் எந்த மொழியில் வேகமாக வருகிறதோ அந்த மொழியில் வரட்டும். தமிழில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. 25 விழுக்காடு கால், 75 முக்கால், 12.5 அரைக்கால், 37.5 காலே அரைக்கால். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டிமார் நாக்கில் புரண்ட சொற்கள். 640இல் 37.5 விழுக்காடு எவ்வளவு என்று கேட்டால் கால்குலேட்டரைத் தேட வேண்டாம். கால் 160, அரைக்கால் 80, ஆக 240. முடிந்தது.

எண்கள்: கணக்கு போடாமல் விடை பார்ப்பது

பின்னறையில் நான் முதல் நாள் கொடுக்கும் கேள்வி இது. ஒரு தொழிற்சாலையில் இரண்டு லைன். முதல் லைன் ஜனவரியில் 4,800 பலகை செய்தது, பிப்ரவரியில் 5,520. இரண்டாவது லைன் ஜனவரியில் 6,250, பிப்ரவரியில் 6,900. எந்த லைனின் வளர்ச்சி விகிதம் அதிகம்?

எல்லாரும் கால்குலேட்டரை எடுப்பார்கள். வேண்டாம். முதல் லைன் கூடியது 720. 4,800இல் பத்து விழுக்காடு 480, மிச்சம் 240 அதில் பாதி, ஆக 15. இரண்டாவது லைன் கூடியது 650. 6,250இல் பத்து விழுக்காடு 625, மிச்சம் 25, அது ஒரு விழுக்காடுகூட வராது. இங்கேயே நிறுத்திவிடலாம். பத்துச் சொச்சம் என்று தெரிந்தால் போதும், 10.4 என்று கண்டுபிடிப்பதற்கு யாரும் கூடுதல் புள்ளி தரப்போவதில்லை.

அடுத்தது, பத்தில் ஏழு பேர் விழும் குழி. சேவை வரி 8 விழுக்காடு சேர்த்து ஒரு பில் 162 ரிங்கிட். வரிக்கு முன் எவ்வளவு? (2024 மார்ச் 1இலிருந்துதான் நம் நாட்டில் சேவை வரி 6இலிருந்து 8 ஆனது. சாப்பாட்டுக் கடை பில்லில் 6தான் தொடர்ந்தது. நாசி கண்டார் கடையில் போய்ச் சண்டை போட வேண்டாம்.) அவசரத்தில் 162இல் 8 விழுக்காட்டைக் கழிப்பார்கள், 149.04 வரும். தெரிவுகளில் அந்த 149.04 அழகாக உட்கார்ந்திருக்கும். கேள்வி எழுதுகிறவருக்கு நாம் எங்கே விழுவோம் என்று தெரியும். சரியான வழி: 162 என்பது 108 பங்கு, நமக்கு வேண்டியது 100 பங்கு. 162ஐ 1.08ஆல் வகுத்தால் 150. ‘சேர்த்து’ என்று கேள்வியில் இருந்தால் வகுத்தல்தான், கழித்தல் இல்லை. இதை மட்டும் இருபது முறை வெவ்வேறு எண்களில் போட்டுப் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 20 விழுக்காடு ஏறி 20 விழுக்காடு இறங்கினால் பழைய இடத்துக்கு வராது, நூறு 96 ஆகும். வட்டி 3இலிருந்து 3.5 ஆனால் கூடியது அரை விழுக்காட்டுப் புள்ளி, ஆனால் வளர்ச்சி ஆறில் ஒரு பங்கு, பதினாறு விழுக்காட்டுக்கும் மேல். அட்டவணையின் மேலே சின்ன எழுத்தில் ‘ஆயிரத்தில்’ அல்லது ‘மில்லியனில்’ என்று போட்டிருக்கும், கேள்விக்குப் போவதற்கு முன் அதைப் படியுங்கள். வரைபடத்தில் இரண்டு பக்கமும் அளவுகோல் இருந்தால் எந்தக் கோடு எந்தப் பக்கத்துக்கு என்று விரலால் தொட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கும் பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று வெட்கப்படாதீர்கள், அறையில் உங்களைத் தவிர யாரும் இல்லை.

வாசிப்பு: தெரிந்ததை மறக்க வேண்டிய இடம்

மூன்று தெரிவு இருக்கும்: ட்ரூ (சரி), ஃபால்ஸ் (தவறு), கெனாட் சே (சொல்ல முடியாது). இந்த மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு பத்தி தருகிறேன்.

‘பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் 13.5 கிலோமீட்டர். 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தின் நீளம் 24 கிலோமீட்டர். இரண்டும் தீவைப் பெருநிலத்துடன் இணைக்கின்றன.’

இனி மூன்று கூற்று. ஒன்று, இரண்டாவது பாலம் முதல் பாலத்தைவிட நீளமானது. இரண்டு, இரண்டாவது பாலம் வந்தபின் முதல் பாலத்தில் நெரிசல் குறைந்தது. மூன்று, 1985க்கு முன் காரில் தீவுக்குப் போக ஃபெரியை விட்டால் வழியில்லை.

முதலாவது ட்ரூ, சந்தேகமில்லை. இரண்டாவதைக் கேட்டதும் பின்னறையில் ஒரே சிரிப்பு. பாயான் லெப்பாஸ் ஷிப்டுக்குத் தினமும் பாலம் தாண்டும் ஒரு தம்பி, ‘அண்ணே, இது பச்சைப் பொய்’ என்று ஃபால்ஸ் போட்டான். மூன்றாவதற்கு எல்லாரும் ட்ரூ. பட்டர்வொர்த் பிள்ளைகளாயிற்றே, அப்பா ஃபெரி வரிசையில் காத்திருந்த கதை கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் இரண்டுக்குமே விடை கெனாட் சே. பத்தியில் நெரிசலைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஃபெரியும் இல்லை. நீங்கள் பினாங்கில் பிறந்தது இந்தக் கேள்விக்குப் பொருட்டில்லை. பத்தியில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் ட்ரூ, பத்திக்கு நேர் எதிராக இருந்தால் ஃபால்ஸ், இரண்டும் முடியாவிட்டால் கெனாட் சே.

அதனால்தான் தெரிந்த விஷயத்தைப் பற்றிய பத்தி வந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்கிறேன். சுவீடனின் மீன்பிடித் தொழில் பற்றி வந்தால் நம்மவர்கள் தப்பு செய்வதில்லை.

சொற்களில் ‘ஆல்’, ‘ஒன்லி’, ‘நெவர்’, ‘மஸ்ட்’ வந்தால் பென்சிலால் தட்டிக்கொள்ளுங்கள். பத்தியில் ‘மெனி’ என்று இருக்கும், கூற்றில் ‘மோஸ்ட்’ என்று மாறியிருக்கும். பல வேறு, பெரும்பாலான வேறு. ‘மே’ என்பது இருக்கலாம், ‘வில்’ என்பது இருக்கும். தமிழில் யோசித்தால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும், ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கும்போது வழுக்கிவிடும். கூற்றை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போவதா, பத்தியை முதலில் படிப்பதா என்று கேட்பார்கள். ஒரு பத்திக்கு ஒரே கூற்று என்றால் கூற்று முதலில். ஒரே பத்திக்கு நான்கு கூற்று என்றால் பத்தியை ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிடுவது லாபம்.

வடிவங்கள்

இந்த வகைக்கு மூத்தது, ஜான் ராவன் 1938இல் வெளியிட்ட வடிவக் கட்டங்கள். ஒன்பது கட்டத்தில் எட்டில் படம் இருக்கும், ஒன்பதாவதை நிரப்ப வேண்டும். மொழி தேவையில்லை என்பதால் நம்மவர்களுக்கு எளிது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முறை இல்லாமல் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், எங்கிருந்தாவது விடை குதித்து வரும் என்பதுபோல்.

முறை இதுதான். ஒரு நேரத்தில் ஒரே பொருளைப் பாருங்கள். மூன்று சதுரம் இருக்கிறது. முதலாவதில் இடது மேல் மூலையில் கறுப்புப் பொட்டு, நடுவில் மேல்நோக்கிய அம்பு. இரண்டாவதில் பொட்டு வலது மேல் மூலை, அம்பு இடப்பக்கம். மூன்றாவதில் பொட்டு வலது கீழ் மூலை, அம்பு கீழ்நோக்கி. நான்காவது எது? அம்பை மறந்துவிட்டுப் பொட்டை மட்டும் பிடியுங்கள். கடிகாரத் திசையில் ஒவ்வொரு மூலையாகப் போகிறது, அடுத்தது இடது கீழ் மூலை. உடனே தெரிவுகளுக்குப் போய், பொட்டு அங்கே இல்லாத படங்களை அடித்துவிடுங்கள். ஐந்தில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். பிறகு அம்பு: கடிகாரத்துக்கு எதிராகக் கால் சுற்று, அடுத்தது வலப்பக்கம். மார்கழியில் பெரிய கோலம் போடுகிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள். முழுக் கோலத்தையும் ஒரேயடியாகப் பார்க்க மாட்டார்கள், ஒரு கம்பி எங்கே வளைகிறது என்று பின்தொடர்வார்கள்.

பார்க்க வேண்டியவை: எத்தனை, எங்கே, எந்தப் பக்கம் திரும்புகிறது, நிறம், அளவு, கோடுகளின் எண்ணிக்கை. எதுவும் பிடிபடாவிட்டால் ஒன்றுவிட்டு ஒன்று பாருங்கள், முதல் படத்தை மூன்றாவதோடு, இரண்டாவதை நான்காவதோடு. எண் வரிசைக்கும் இதே கண்தான். 3, 5, 9, 17, 33 என்று வந்தால் இடைவெளியை எழுதுங்கள்: 2, 4, 8, 16. அடுத்தது 32, ஆக 65.

டெக்னீஷியன் டெஸ்டுக்கு இரண்டே குறிப்பு. ஒன்றையொன்று தொடும் பல்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும், குறுக்காகப் போடாத பெல்ட் மாட்டிய சக்கரங்கள் ஒரே திசையில் சுற்றும். ஐந்து பல்சக்கரம் வரிசையாக இருந்தால் முதலும் கடைசியும் ஒரே திசை. ஒப்பிடும் கேள்விகளில் 80417, 80471 என்று இடம் மாறிய எண்களை முழுதாகப் பார்த்தால் கண் ஏமாற்றும். இரண்டிரண்டு இலக்கமாக மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள்.

மூன்று வாரம்

மூன்று வாரம் கிடைத்தால் நல்லது. பலருக்கு ஐந்து நாள்தான் கிடைக்கிறது என்பது தெரியும். அவர்கள் முதல் வாரத்தில் சொல்வதை இரண்டு நாளில் செய்துவிட்டு நேரே மூன்றாவதுக்குப் போகட்டும்.

முதல் நாள் மாதிரித் தேர்வு ஒன்றைக் கடிகாரம் இல்லாமல் எழுதுங்கள். புள்ளி முக்கியமில்லை. பிழையான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போடுங்கள். தெரியவில்லை என்றால் ‘தெ’, அவசரம் என்றால் ‘அ’, கேள்வியின் மொழி புரியவில்லை என்றால் ‘மொ’. பின்னறையில் எல்லாரும் ஆளுக்கொரு இரண்டு ரிங்கிட் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். கணக்கில் தான் மோசம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பையனின் நோட்டில் பாதிக்கு மேல் ‘மொ’. அவனுக்குத் தேவைப்பட்டது கணக்கு வகுப்பே இல்லை, தினமும் ஆங்கிலப் பத்திரிகையில் வணிகப் பக்கத்தை அரை மணிநேரம் படிப்பதுதான்.

முதல் வாரம் விழுக்காடு, விகிதம், சராசரி மட்டும், கடிகாரம் இல்லாமல். பயிற்சிக்குத் தனிப் புத்தகம் வாங்கத் தேவையில்லை. அப்பாவின் சம்பளச் சீட்டை எடுங்கள், ஊழியர் சேமநிதிக்குப் போன 11 விழுக்காட்டிலிருந்து சம்பளத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடியுங்கள். வீட்டு மின்சார பில்லில் போன மாதத்தைவிட எத்தனை விழுக்காடு கூடியது என்று போடுங்கள். அம்மா திட்டுவதற்கும் ஒரு புள்ளிவிவரம் கிடைக்கும்.

இரண்டாவது வாரம் கடிகாரம் உள்ளே வரட்டும், ஆனால் முழுத் தேர்வு வேண்டாம். ஐந்து கேள்வி, ஏழு நிமிடம். நிறுத்து, திருத்து, மறுபடி ஐந்து. மூன்றாவது வாரம் முழுத் தேர்வு, மொத்தம் மூன்றோ நான்கோ போதும். தினமும் இரண்டு முழுத் தேர்வு எழுதுகிறவர்களும் உண்டு. களைப்பில் பழைய பிழையையே நன்றாகப் பழகிக்கொள்வதைத்தான் அதில் பார்க்கிறேன். வீட்டில் சத்தம் என்றால் நூலகம் இருக்கிறது. தீவில் கிரீன் லேன் டிஜிட்டல் நூலகம், கோலாலம்பூரில் டத்தாரான் மெர்டேக்கா பக்கத்திலிருக்கும் நூலகம். வீட்டு டிவியைக் குற்றம் சொல்ல வழியில்லை.

கடிகாரம் ஓடும்போது

25 நிமிடத்தில் 18 கேள்வி என்று வந்தால் ஒரு கேள்விக்கு 83 நொடி. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரம் பார்த்தால் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். மூன்றாகப் பிரியுங்கள்: எட்டாவது நிமிடத்தில் ஆறு, பதினாறில் பன்னிரண்டு. அந்த இரண்டு இடத்தில் மட்டும் கடிகாரம் பார்த்தால் போதும். இந்த இரண்டு எண்ணையும் தொடங்குவதற்கு முன்பே காகிதத்தின் மேல் எழுதிவிடுங்கள்.

விடுவது எப்படி என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். கேள்வியைப் படித்து, எந்த எண்களை எடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அரை நிமிடத்துக்குள் தெரியவில்லையா, விடு. வழி தெரிந்து, போட்டு, விடை தெரிவில் இல்லையா, ஒருமுறை மட்டும் திரும்பப் பார், அப்புறம் விடு. மூன்றாவது முறை போடுவது கணக்கு இல்லை, ரோஷம். பின்னறையில் இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. பத்துக் கேள்வித் தாளில் இரண்டு கேள்விக்கு வேண்டுமென்றே தவறான தெரிவுகளை வைத்துவிடுவேன், முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். முதல் முறை எல்லாரும் அந்த இரண்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். நான்காவது சனிக்கிழமைக்குள், ‘மாமா, இது உங்க வேலைதானே’ என்று கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள்.

விடும்போது இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பிழைக்குப் புள்ளி கழிப்பார்களா? வழிமுறைப் பக்கத்தில் அப்படி எதுவும் சொல்லாவிட்டால் ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள், கடைசி அரை நிமிடத்தில் எதையாவது தட்டுங்கள். இரண்டாவது, உங்கள் விடைக்கேற்பக் கேள்வி கடினமாகிக்கொண்டே போகும் வகையா? அந்த வகையில் திரும்பிப் போக முடியாது, விடை தட்டினால்தான் அடுத்தது வரும். அங்கே விடுவது என்றால் இரண்டு தெரிவை அடித்துவிட்டு மிஞ்சியதில் ஒன்றைத் தட்டிவிட்டு நகர்வது. கேள்வி கடினமாகிக்கொண்டே வந்தால் பயப்படாதீர்கள், நன்றாகச் செய்கிறீர்கள் என்பதன் அடையாளம் அது.

டெஸ்டுக்கு முந்தின நாளும் அன்றும்

என் அக்கா மகன் வீட்டிலிருந்து எழுதினான். பன்னிரண்டாவது நிமிடம் வீட்டில் கரண்ட் போய்விட்டது. புயலும் இல்லை, மழையும் இல்லை. அவன் அறையில் ஏர்கோன், அடுப்படியில் ரைஸ் குக்கர், கூடவே அக்கா கெட்டிலைத் தட்டியிருக்கிறாள், டிரிப் ஆகிவிட்டது. வைஃபையும் சேர்ந்து போனது. ஆகவே, டெஸ்ட் நேரத்தை வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். லேப்டாப்பில் முழு சார்ஜ், பக்கத்தில் போனில் ஹாட்ஸ்பாட் தயார். விண்டோஸ் அப்டேட்டை முந்தின இரவே முடித்துவிடுங்கள். இணையம் அறுந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட், உடனே கம்பெனிக்கும் டெஸ்ட் நிறுவனத்துக்கும் இமெயில், நேரம் குறிப்பிட்டு. அவனுக்கு டெஸ்டை மறுபடி திறந்துவிட்டார்கள். பத்து நிமிடத்துக்குள் எழுதிக் கேட்டதால்தான் என்று நினைக்கிறேன்.

கடைசித் தேதியில் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். நாம் ஜிஎம்டிக்கு எட்டு மணிநேரம் முன்னே. சிட்னி நேரம் மாலை 5 என்று போட்டிருந்தால் நமக்கு மதியம் 3, அங்கே கோடைக்கால நேரம் நடக்கும் மாதங்களில் 2.

அப்புறம் பெயர். இது நமக்கு மட்டுமே உள்ள தலைவலி. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம் இருக்கும். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்டு அப்பா பெயர். ஒருமுறை அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, இன்னொருமுறை சாய்கோட்டை அந்தத் தளம் ஏற்காமல் அதை விட்டுப் போட்டு, மனுவில் ஒரு பெயர், டெஸ்டில் ஒரு பெயர், ஐசியில் ஒரு பெயர் என்று மூன்று ஆள் ஆகிவிடுவோம். மனுவில் எப்படிப் போட்டீர்களோ அதையே டெஸ்டிலும் போடுங்கள். ஐசியோடு ஒப்பிடுவார்கள் என்றால், சாய்கோடு மட்டும்தான் விடுபட்டது என்று ஒரு வரி முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

கேமரா வழியே கண்காணிப்பு இருந்தால் கேள்வியை வாய்விட்டுப் படிக்காதீர்கள், ஜன்னல் பக்கம் திரும்பாதீர்கள், அறையில் யாரும் நுழையக்கூடாது. பார்வை, கேட்டல், டிஸ்லெக்சியா போன்ற காரணத்துக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறவர்கள் இணைப்பைத் திறப்பதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். தொடங்கிய பிறகு கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

கூடவே வரும் குணநலக் கேள்வித்தாளுக்குத் தயார் செய்ய எதுவும் இல்லை. ‘நான் ஒருபோதும் கோபப்பட்டதில்லை’ என்பதற்கு ஆமாம் போட்டால் நம்ப மாட்டார்கள், அவ்வளவுதான். ஒரே விஷயத்தை வெவ்வேறு சொல்லில் நான்கு இடத்தில் கேட்பார்கள். நடித்தால் இரண்டாவது இடத்திலேயே மறந்துவிடும்.

முடிவும் இரண்டாம் சுற்றும்

‘அறுபதாவது பெர்சன்டைல்’ என்று ஓர் அறிக்கை வரலாம். அது அறுபது விழுக்காடு சரி என்று பொருள் இல்லை. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட கூட்டத்தில் நூறில் அறுபது பேரைவிட மேலே என்று பொருள். அந்தக் கூட்டம் யார் என்பதைப் பொறுத்து முப்பதில் பதினெட்டு என்ற அதே புள்ளி ஓரிடத்தில் உயரமாகவும் இன்னோரிடத்தில் சாதாரணமாகவும் தெரியும். பட்டதாரிகளோடு ஒப்பிட்டார்களா, மேலாளர்களோடு ஒப்பிட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தேறியவர்களைச் சில கம்பெனிகள் நேரில் கூப்பிட்டுச் சின்னதாக இன்னொரு டெஸ்ட் வைக்கும், வீட்டில் எழுதியது நீங்கள்தானா என்று பார்க்க. அண்ணனை விட்டு எழுதச் சொன்னவர்களும், போனில் படம் பிடித்து ஏஐயிடம் கேட்டவர்களும் அங்கேதான் வியர்ப்பார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார். காவலர் சொன்னார்.

பெருநிலத்திலிருந்து அந்த இரண்டாம் சுற்றுக்கு வருகிறவர்கள், காலை ஷிப்டு பஸ்கள் பாலத்தில் நிற்கும் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணி டெஸ்டுக்கு எட்டேகாலுக்கெல்லாம் தொழிற்சாலை வாசலில் இருக்கும்படி கிளம்புங்கள். ஐசி, இரண்டு பேனா, சாதாரண கால்குலேட்டர், கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடி. பசியோடு போகாதீர்கள், ரொட்டி சானாய் நான்கு சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள்.

தேறாவிட்டால் எந்தப் பகுதியில் விழுந்தது என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். எல்லாரும் பதில் தர மாட்டார்கள், சிலர் தருவார்கள். மறுபடி மனுப்போட ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருக்கச் சொல்லும் கம்பெனிகள் உண்டு, அந்தத் தேதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அதே நோட்டு, ‘தெ’, ‘அ’, ‘மொ’ போட்ட நோட்டு. அடுத்த டெஸ்டுக்கு அதன் முதல் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.